ஐந்தே முக்கால் மைக்ரான்

உடைத்துச் செய்வது பழைய வழி.
பிசினையும் கரியையும் உருக்கிப் பிசைந்து
பாளமாய் ஆறவிட்டு
நொறுக்கு, அரை, சலி.
ஒவ்வொரு துகளுக்கும்
கோபமாய் ஒரு மூலை மிஞ்சும்.

நாங்கள் வளர்க்கிறோம்.
மணலியில், லாரிகள் குழிபறித்த சாலைக்கு இடப்புறம்,
இரவெல்லாம் எரியும் ஆலைச் சுடருக்கு
முதுகு காட்டி நிற்கும் கொட்டகையில்
இரண்டாயிரம் லிட்டர் கலன்.

முதலில் பால்.
பால் என்றுதான் சொல்வோம்
ஸ்டைரீனும் அக்ரிலேட்டும் கைகோத்து
நீரில் மிதக்கும் அந்த வெள்ளையை.
அதற்குள் மெழுகு. அதற்குள் கரிச்சாந்து.
கலக்கி மூன்று சுற்று வருவதற்குள்
வெள்ளை தோற்றுவிடும்.

எல்லாம் ஒரே மின்னேற்றம் கொண்டவை,
ஆகவே ஒன்றையொன்று அண்டவிடாது.
அமிலம் கொஞ்சம், படிகாரத்துக்கு
ஒன்றுவிட்ட தம்பியான உப்பு கொஞ்சம்,
சொட்டுச் சொட்டாய்.
ஐம்பத்திரண்டு டிகிரியில்
பகை மெல்ல மறக்கும்.
பத்து நிமிடத்துக்கொருமுறை
ஒரு துளி எடுத்து எண்ணியில் விடுவேன்.
இரண்டே கால்.
மூன்று.
நாலரை.

வளர்ப்பதற்கு ஆள் வேண்டியதில்லை.
நிறுத்துவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
ஐந்தே முக்காலில் காரம் ஊற்றினால்
போதும் என்று நிற்கும், அத்தனை கோடியும்.
அப்புறம் தொண்ணூற்றாறு டிகிரி, ஆறு மணி நேரம்.
திராட்சைக் குலையாய் இருந்தது
உருளைக்கிழங்காகும்,
பொறுத்தால் கடுகாகும்.

கத்திவாக்கத்தில் என் கொடியில் காயும் உடுப்பிலும்
துகள் இருக்கிறது.
சாம்பல் நிறம், அளவு தெரியாது.
உதறிவிட்டு உடுத்திக்கொண்டு
ஷிப்டுக்கு வருகிறேன்.
அதை எந்த எண்ணியில் விடுவது,
எத்தனையில் நிறுத்துவது,
யார் கையில் இருக்கிறது அந்தக் காரம்?

செவ்வாய் இரவு, இரண்டு பத்து.
நானூற்றுப் பதினேழாம் தொகுதி.
ஐந்து புள்ளி ஒன்று என்று எழுதிக்கொண்டிருக்கையில்
எழுதிய தாள் இருண்டது.

மின்சாரம் பிறக்கிற ஊர் இது.
பிரசவ வார்டில் வேலை பார்ப்பவளுக்கெல்லாம்
பிள்ளை இருக்க வேண்டுமா என்ன.

கலக்கி நின்ற சத்தம்
சத்தமே இல்லாததுதான்.
கார வாளி என் காலடியில்.
ஊற்றினால் மேலே மட்டும் நிற்கும்,
அடியில் வளரும்.
ஊற்றவில்லை.
இருட்டில் தேசப்பன் ஜெனரேட்டரைத் திட்டுவது கேட்டது,
அதன் அம்மாவையும்.
நாற்பது விநாடி.
விளக்கு வந்தபோது
தண்டு அரைச் சுற்று முனகி
மறுபடி நின்றது.

விடிந்ததும் மூடி திறந்து எட்டிப் பார்த்து
'இன்னா மேடம், களி கிண்டிட்டோம் போலக்குது'
என்றான் தேசப்பன்.
நான் சிரித்தேன். அது தப்பு;
மேலாளர் பின்னால் நின்றிருந்தார்.
நான்கு பேர், மண்வெட்டி, பதினெட்டு சாக்கு.
கருங்கல்லை வெட்டுவது போலவும்
வெட்டினால் சாக்லேட் போலவும் இருந்தது.

மாலையில் படிவம் வந்தது.
விலகலுக்குக் காரணம்:
மூலப்பொருள், இயந்திரம், மனிதத் தவறு.
மூன்றாவதில் ஏற்கெனவே ஒரு டிக்.
கையெழுத்துக்கு மட்டும் இடம்.

பழக்கதோஷம்,
தாளை உருப்பெருக்கியின் கீழ் வைத்தேன்.
நம்முடைய டோனர்தான்.
முந்நூற்றுத் தொண்ணூறோ என்னவோ,
நான் நிறுத்திய தொகுதி.
'மனித'வின் முதல் எழுத்து வளையும் இடத்தில்
உருண்டைகள் உருகித்
தோளோடு தோள் படிந்து கிடந்தன.
ஓரம் பிசிறவே இல்லை.
ஒரு நொடி பெருமையாகக்கூட இருந்தது,
வெட்கத்தோடுதான்.

பால்பாயிண்ட் பேனாவை எடுத்தேன்.
எழுதாமல் இரண்டு முறை கோடு இழுத்தது.
மூன்றாவது முறை,
கையெழுத்துக்கான இடத்தில்
கோணல் மாணலாய்:
நாற்பது விநாடி.

தேசப்பன் கீழே கேட்டுக்கொண்டிருக்கிறான்,
நானூற்றுப் பதினெட்டுக்குப்
பால் ஏற்றலாமா என்று.